ஒத்துப்போகாத மூன்று எண்கள்

'சுமார்' என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நகரத்துத் தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசி ஒன்பது வருடம் அதற்குத் தலைவி. "சுமாரா எவ்வளவு மேடம் இருக்கும்?" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும். "சுமாரா தெரிஞ்சா போதும்னா வீட்டுலயே சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கோங்க, இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிடுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்குத் 'தராசு' என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

இது என் தங்கை மகள் பேச்சை இழந்த கதை. யாரால் இழந்தாள் என்பதை வேறு யாராவது வந்து சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். என்னால்தான். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் 'அப்படியெல்லாம் சொல்லாதீங்க' என்பார்கள். அவர்களுக்கு எங்கள் கூடத்து விதி தெரியாது.

விதி இதுதான். ஒரு வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் வந்தால், அதிலிருந்து மூன்று சின்னக் குப்பிகளில் ஊற்றுவோம். மூன்றையும் தனித்தனியாக இயந்திரத்தில் வைத்து ஈயம் எவ்வளவு என்று அளப்போம். லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது, அது ஊரறிந்த கணக்கு. ஆனால் அதற்கும் முன்னால் இன்னொரு சல்லடை உண்டு: மூன்று எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரே பாட்டில், ஒரே தண்ணீர், மூன்று விதமான எண் வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டில் அழுக்காக இருந்திருக்கும், அல்லது கை பட்டிருக்கும். எண்கள் எழுதிய சீட்டில் 'செல்லாது' என்று சிவப்பு முத்திரை குத்திக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வேறு பாட்டில் கேட்போம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் மூன்றையும் கூட்டி வகுத்து ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வந்துதான் அதை ஒழித்துக் கட்டினேன். விதியை என் கைப்பட எழுதிச் சுவரில் மாட்டியதும் நான்தான்.

எனக்கும் தங்கைக்கும் பதினொரு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவள் மூன்றாம் வகுப்பு. தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் பண்ணி வைத்ததுவரை எல்லாம் நான். அதனால் அவளுக்கு 'அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. நானும் அதை நன்றாகவே அனுபவித்தேன். எந்த ஸ்கூல், எந்தச் செருப்பு, எந்த டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பாள். அவள் வீட்டுக்காரர்கூட, "எதுக்கும் தலைமை அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுடு" என்று கிண்டலடிப்பார்.

அவர்கள் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனார்கள். ஜன்னல் பெரிது, வாடகை குறைவு. குடிபோன வாரமே தங்கை ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு என் கூடத்துக்கு வந்துவிட்டாள். இடுப்பில் அவள் பெண். அப்போது அதற்கு மூன்று வயது ஆகவில்லை. வாயாடி என்றுதான் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவோம். காவலாளியிடம் பெயர் கேட்டு, அவர் மீசையைப் பற்றி விசாரித்து, என் மேஜையில் இருந்த நாலு பேனாவுக்கும் சொந்தக்காரர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தது.

"புது வீடு அக்கா. குழந்தை குடிக்கற தண்ணி. ஒரு தடவை பார்த்துக் குடுத்துடேன், எனக்கு நிம்மதியா இருக்கும்."

நானே பார்த்தேன். ஆறு. ஐம்பத்தெட்டு. பதினொன்று.

கூட்டி மூன்றால் வகுத்தால் இருபத்தைந்து. பத்தைப் போல் இரண்டரை மடங்கு. இதை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் பார்த்ததும் சொல்லியிருக்கும். நான் கூட்டவில்லை. சிவப்பு முத்திரையைக் குத்தினேன், சீட்டைக் கூடையில் போட்டேன், தங்கைக்கு ஃபோன் போட்டேன்.

"ஒரு பாட்டிலைக்கூட ஒழுங்கா கழுவத் தெரியாதாடி உனக்கு? மூணும் மூணு தினுசா வருது. நல்லா வெந்நீர்ல கழுவு. குழாயைத் திறந்து அஞ்சு நிமிஷம் ஓட விட்டுட்டு, அப்புறம் பிடி."

"சாரிக்கா," என்றாள். சாரி சொன்னது அவள்.

அடுத்த பாட்டில் பளபளவென்று வந்தது. மூன்று, மூன்று, மூன்று. என்ன அழகான எண்கள் என்று எனக்குப் பூரிப்பு. 'குடிக்க உகந்தது' என்று சான்றிதழில் நானே கையெழுத்துப் போட்டேன். அவள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கேன் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் குழந்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடு, உடம்புக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். ராத்திரி முழுக்கக் குழாயிலேயே தேங்கிக் கிடந்த தண்ணீரை, தினமும், முதல் டம்ளர்.

நாலு மாதம் கழித்து, ஜூலையில், பாட்டில்காரர் என் அறைக்கு வந்தார். வீடு வீடாகப் போய்ப் பாட்டில்களைச் சேகரித்து வருகிறவர் அவர். என் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் பெட்டி கட்டிக்கொண்டு, கடகடவென்று சத்தத்தோடு வருவார். கையில் ஒரு காலண்டர் தாள். அதன் பின்பக்கம் பென்சிலால் தெருக்களைக் கோணல்மாணலாகக் கிறுக்கி, அங்கங்கே புள்ளி வைத்திருந்தார்.

"மேடம், கோபப்படக் கூடாது."

"விஷயத்தைச் சொல்லுங்க, கோபப்படறதா வேண்டாமான்னு அப்புறம் பார்ப்போம்."

"சிவப்பு முத்திரை விழுந்த பாட்டிலையெல்லாம் எந்த வீட்டுல எடுத்தேன்னு சும்மா குறிச்சு வெச்சேன். நாலு மாசத்துல மொத்தம் நாப்பத்து மூணு. அதுல முப்பத்தஞ்சு ஒரே தெரு."

தாளைப் பார்த்தேன். என் தங்கை இருக்கிற தெரு.

"அப்போ அந்தத் தெருவுல பாட்டில் கழுவத் தெரியாதவங்க முப்பத்தஞ்சு பேர் இருக்காங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு தெருவுக்கே கழுவத் தெரியாம போகுமா மேடம்? அடுத்த தெருவுல எல்லாரும் நல்லாத்தானே கழுவறாங்க. அது பழைய குழாய் மேடம். சரியான எண்ணு என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா கூடையில கிடக்கற சீட்டுங்களைச் சுமாரா பார்த்தா எல்லாமே ஜாஸ்திதான். ஒண்ணுலயாவது இருபது, முப்பது வருது."

அந்தச் சொல் என் காதில் விழுந்ததுதான் தாமதம். "சிவப்பு முத்திரைன்னா என்ன அர்த்தம்? அப்படி ஒரு அளவே இல்லன்னு அர்த்தம். இல்லாததை எடுத்து வெச்சு எண்ணிட்டு வந்திருக்கீங்களே, உங்களை என்ன சொல்றது? காலண்டர் தாள்ல புள்ளி வெச்சா அது விஞ்ஞானமா? சுமாரா ஜாஸ்தின்னு எழுதுனா எவன் கையெழுத்துப் போடுவான்?"

"நீங்க போட்டா ஆச்சு மேடம்," என்றார் மெதுவாக.

கதவைக் காட்டினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாத் தரப்பையும் கேட்டு ஒரு முடிவுக்கு வந்த மனுஷி மாதிரி அன்றைக்கு மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் வாக்கில் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி. சாப்பாட்டைக் கண்டாலே அழுகை. 'வயித்துல பூச்சி', 'ஸ்கூலுக்குப் போறதுக்குப் பயம்' என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். அப்புறம் தங்கை ஒரு நாள் ஃபோனில், "அக்கா, இப்பல்லாம் அவ நீளமா பேசறதே இல்ல. தண்ணி வேணும்னா டம்ளரைத்தான் காட்டறா," என்றாள். "வாயாடிக்கும் வாய் வலிக்கும்ல, கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும்," என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது குழந்தைகள் டாக்டர் ஏற்கெனவே ஊசிக்கு எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட சின்ன உருவம், நின்றுகொண்டே பேசுகிற பெண்.

"ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கற மாதிரி இருக்கு. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். எண் வர மூணு நாள் ஆகும். அதுவரை காத்துட்டிருந்தா மூளை வீங்கிடும். மருந்தை ஆரம்பிச்சுட்டேன்."

"மாதிரி இருக்குன்னா? நிச்சயமா தெரியாமலா மருந்து குடுக்கறீங்க?" என்று அந்த நிலைமையிலும் கேட்டவள் நான்.

"நிச்சயமா தெரியறப்போ குழந்தை இருக்காது," என்றார் அவர். பிறகு, "வீட்டுல தண்ணி எப்படி?"

தங்கை எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "தண்ணி பிரச்சினையே இல்ல டாக்டர். எங்க அக்காவே பார்த்துக் கையெழுத்துப் போட்டுருக்காங்க." அழுகைக்கு நடுவிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. ஆறு, ஐம்பத்தெட்டு, பதினொன்று என்று எங்கேயோ குப்பையில் போட்ட மூன்று எண்களும் வரிசையாக எழுந்து நின்றன.

மூன்று நாள் கழித்து வந்த எண் டாக்டர் சொன்னதைத்தான் சொன்னது. அவர் காத்திருக்காததால்தான் குழந்தை உயிரோடு இருக்கிறாள்.

நான் அந்த மூன்று நாளுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை பாட்டில்காரரை அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். பூட்டிய வீடு. சாவி என்னிடம் ஒன்று உண்டு. யாரும் குழாயைத் தொடாத சமையலறையில், ஒரு நிமிடம்கூட ஓட விடாமல், முதலில் விழுந்த தண்ணீரை அப்படியே பிடித்தோம். கூடத்துக்கு வந்து மொத்தப் பாட்டிலையும் ஒரு வடிதாளில் ஊற்றினேன். தண்ணீர் இறங்கியது. தாளில் மிளகுத் தூள் தூவியது போல ஏழெட்டுக் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன.

கரைந்த ஈயம் அல்ல அது. பழைய குழாயின் உட்புறத்திலிருந்து உரிந்து வந்த பொடி. உப்பு மாதிரி கரைந்திருந்தால் மூன்று குப்பியிலும் சமமாக இருந்திருக்கும். பொடி அப்படி இருக்காது. ஒரு குப்பியில் ஒரு துகள் விழுந்தால் ஐம்பத்தெட்டு. விழாவிட்டால் ஆறு. ஐந்து நிமிடம் ஓட விட்டால் பொடியெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும், மூன்று மூன்று மூன்று வரும். எண்கள் ஒத்துப்போகாதது பாட்டிலின் குற்றமில்லை, இயந்திரத்தின் குற்றமும் இல்லை. குடிக்கிற தண்ணீரில் துகள் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது. ஒன்பது வருடமாக நான் அந்தச் சாட்சியைத்தான் பொறுக்கிப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாட்டில்காரர் வடிதாளைப் பார்த்தபடி நின்றார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உங்க தங்கச்சி வீடுன்னு எனக்கு அப்போ தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா உங்களை விட்டிருக்க மாட்டேன்," என்றார். நான் இயந்திரத்தின்மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். அவருடைய காலண்டர் தாளைத்தான் படமாக வைத்தேன். பெரிய அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "அளவு எவ்வளவுன்னு ஒரு இடத்துலயும் இல்லையேம்மா?" என்றார்.

"சரியா எவ்வளவுன்னு தெரியாது சார். தெரிஞ்சுக்க மூணு மாசம் ஆகும். சுமாரா இருபதுக்கு மேல, சில நாள் ஐம்பது. எந்தத் தெருன்னு தெரியும். குழாயை மூடுங்க."

"சுமாராவா? நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். மூடுங்க."

மூடினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. தெருவில் இருந்த குழந்தைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். பதினொரு பேருக்கு ஈயம் ஏறியிருந்தது. யாருக்கும் வலிப்பு வருமளவுக்குப் போகவில்லை, பிடித்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துத் துல்லியமான அளவும் வந்தது. பாட்டில்காரர் சுமாராகச் சொன்ன கணக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அளவைப் பார்க்காமல், அளவுகள் எங்கே முரண்டு பிடிக்கின்றன என்று மட்டும் எண்ணிப் பழைய குழாய்களைக் கண்டுபிடிக்கிற முறை என்று வேறு ஊர்க்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். என் பெயரைப் போட வந்தார்கள். அவர் பெயரைத்தான் போட வேண்டும் என்று சண்டை பிடித்தேன். "என்னத்தைப் பெருசா பண்ணிட்டேன் மேடம், புள்ளி வெச்சேன், அவ்வளவுதானே," என்று அவர் கூச்சப்பட்டார். கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை யாரிடம் சொல்ல முடியும்?

ஏனென்றால் குழந்தை எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், பந்து உருட்டினாள். பேசவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் போனாள். "வரலாம், வராமலும் போகலாம். கொஞ்சம் வரலாம்," என்று பயிற்சியாளர் சொன்னார். அதற்குமேல் துல்லியமாக யாராலும் சொல்ல முடியவில்லை.

தங்கைக்குப் பாதிதான் தெரியும். குழாயில் பொடி இருந்தது, பரிசோதனையில் சிக்கவில்லை, அக்கா கண்டுபிடித்துத் தெருவையே காப்பாற்றினாள் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. தினமும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பிப் போவேன். போய்ப் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

ஜூன் மாதம் பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை எங்கள் காலடியில் தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை திடீரென்று கேட்டாள்.

"அக்கா, முதல் பாட்டிலைக் குடுத்தேன்ல. நான் ஒழுங்கா கழுவலன்னு திட்டினியே. அதுல என்ன வந்துச்சு?"

யார் சொன்னார்களோ, இல்லை அவளாகவே யோசித்தாளோ, தெரியாது. "ஒத்துப்போகலடி. ஒண்ணு ஆறு, ஒண்ணு பதினொண்ணு, ஒண்ணு... ஐம்பத்தெட்டு."

"ஐம்பத்தெட்டு."

"ம்."

"பத்துக்கு மேல போகக் கூடாதுன்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?"

காலடியில் உருண்டு வந்த ஒரு கட்டையை எடுத்துக் குழந்தை பக்கம் வைத்தேன்.

"சந்தேகமா இருக்கு, எதுக்கும் கொஞ்ச நாளைக்குக் கேன் தண்ணி வாங்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. நான் உன்னை ஏன், எதுக்குன்னு என்னைக்காவது கேட்டிருக்கேனா? வாங்கியிருப்பேனே." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எப்போ அது?"

"ஆச்சு... ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். கிட்டத்தட்ட."

தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வளர்த்த பெண், அந்தப் பார்வையை நான் அதுவரை பார்த்ததில்லை.

"கிட்டத்தட்டல்லாம் எங்கிட்ட வேண்டாம். தேதி சொல்லு."

"மார்ச் பதினொண்ணு. செவ்வாய்க்கிழமை. காலைல பத்தே கால்."

அவள் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பின்னோக்கிப் போனாள். ஜனவரி, டிசம்பர், தீபோல் எரிகிற கண்களோடு இன்னும் பின்னால், போன வருடத்து மார்ச்சுக்கு. அந்த வாரத்தில் எடுத்த ஒரு வீடியோவைக் கண்டுபிடித்துத் தட்டினாள்.

"பெரிம்மா! பெரிம்மா, நீ எப்ப வருவ? நான் புது வீட்டுல இருக்கேன். இங்க ஒரு பெரிய ஜன்னல் இருக்கு. அதுல ஒரு குருவி வந்து எங்கிட்ட பேசாம போயிடுச்சு. நீ வந்தா அதைத் திட்டு. சரியா? அம்மா, பெரிம்மாக்கு அனுப்பிடு, மறந்துடாத..."

கீழே கட்டை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. குழந்தை தலையைத் தூக்கி, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். பெஞ்சுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஃபோன்தான் என்று தெரிந்ததும் எழுந்து வந்து, தங்கையின் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, திரையில் பேசுகிற அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அவளைப் பிடித்துப்போய்விட்டது. யாரோ புதிதாகக் கிடைத்த சிநேகிதி என்று நினைத்துவிட்டாள். எனக்கும் காட்ட வேண்டும் என்று என் விரலைப் பிடித்துத் திரைப் பக்கம் இழுத்தாள்.

முப்பத்தெட்டு விநாடி ஓடி வீடியோ நின்றது. குழந்தை இன்னும் வேண்டும் என்று ஃபோனைத் தட்டிக் காட்டினாள். தங்கை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடி முதலிலிருந்து போட்டாள்.